போர்டோக் கலவை பிறந்த மண்ணில் மழையும் பனியும் முந்திரிகையும்

வெற்றிலைக் கொடிக்கும் முந்திரிகைப் பந்தலுக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்த அனுபவம் எமது வாசகர்களில் பலருக்கு உண்டு. உருளைக்கிழங்குக்கு அடித்தவர்களும் இருப்பீர்கள். விவசாயப் போதனாசிரியர் 'போர்டோக் கலவை' என்று சொல்லித் தந்தார். நாமும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வாளியில் கரைத்தோம். அது ஓர் ஊரின் பெயர் என்பதை யோசித்தவர்கள் குறைவு. அந்த ஊரின் கமக்காரர் வருடம் முழுவதும் வானத்தைப் பார்த்துப் படும் பாட்டைத்தான் இம்முறை எழுத எண்ணினோம்.

போர்டோ, பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அண்மையில் உள்ள துறைமுக நகரம். கரோன், டோர்டோஞ் என்னும் இரண்டு ஆறுகள் அந்நகருக்குக் கொஞ்சம் வடக்கே ஒன்றுசேர்ந்து, ஜிரோந்து என்ற அகன்ற கழிமுகமாகக் கடலுக்குப் போகின்றன. இந்த ஆறுகளின் இரு கரைகளிலும் முந்திரிகைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் 1 இலட்சத்து 10 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. அண்மை ஆண்டுகளில் 1 இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பழமாகத் தின்பதற்கு அல்ல, வைன் வடிப்பதற்கே அத்தனையும். பந்தல் கிடையாது. இடுப்பளவு உயரத்துக்குக் கம்பி இழுத்து, வேலி அடைத்ததுபோல வரிசை வரிசையாகக் கொடிகளை நிறுத்தியிருப்பார்கள்.

கலவை பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். 1878 அளவில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொடிகளோடு ஒரு பங்கசு நோய் பிரான்சுக்குள் வந்து சேர்ந்தது. இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படியும். சில நாட்களில் இலை காய்ந்து உதிரும். இலை இல்லாத கொடியில் பழம் முற்றாது. இளம் குலையில் பிடித்தால் காயே சுருங்கிப் பழுப்பாகிவிடும். மாரியில் எமது பந்தல்களில் வரும் அதே நோய்தான். தோட்டங்கள் மொட்டையாகிக்கொண்டிருந்த 1882 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் மெடொக் பகுதியில் சென் ஜூலியன் என்ற ஊரின் தெருவால் போனார். எங்கும் இலை கொட்டிக் கிடக்க, தெருவோரத்து வரிசைகளில் மட்டும் இலை பச்சையாக நின்றது. அந்த இலைகளில் நீலம் பாரித்த ஏதோ பூச்சு. விசாரித்தபோது தெரிந்தது, வழிப்போக்கர் பழத்தைப் பிடுங்கித் தின்னாமல் இருக்க, நஞ்சு அடித்ததுபோலத் தோன்றட்டும் என்று தோட்டத்தார் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருக்கிறார்கள்! கள்ளனை மறிக்கப் போட்ட பூச்சு நோயையும் மறித்திருக்கிறது. மில்லார்டே அந்தத் தோட்டத்தின் முகாமையாளரோடு சேர்ந்து அளவுகளைப் பரீட்சித்து, 1885 இல் உலகுக்கு அறிவித்தார். அறிவித்தவர் பேராசிரியர் என்றாலும், பெயர் தெரியாத அந்தத் தோட்டத்தாருக்கும் இதில் பங்கு உண்டு என்றே நாம் நினைக்கிறோம்.

இந்த நோய்க்கு வேண்டியது ஈரமும் இளஞ்சூடும். போர்டோவில் வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீற்றர் மழை. தொகையில் அது எமது வரண்ட வலயத்து மழையிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. ஆனால் எமக்கு வாடையோடு வந்து மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ப்பது, அங்கே பன்னிரண்டு மாதமும் சிறிது சிறிதாகப் பெய்கிறது. ஆகவே தளிர், பூ, பிஞ்சு, பழம் என்று எந்தப் பருவத்திலும் மழை வந்து நிற்கலாம். 2018 இல் வசந்த காலம் முழுவதும் மழை. கலவை கழுவுப்பட்டுப் போக, மறுபடி அடிக்கப் போனால் உழவு இயந்திரம் சேற்றில் புதைந்தது. செயற்கை இரசாயனங்களைத் தவிர்த்துச் செம்பை மட்டுமே நம்பியிருந்த பேர்போன தோட்டங்கள் சில, அந்த வருடம் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்தன. 2023 இலும் இதே நோய் பரவலாகத் தாக்கியது.

இங்கே ஒரு விடயத்தை எமது கமக்காரரும் கவனிக்கவேண்டும். செம்பு மண்ணில் அழிவதில்லை. நூறு வருடத்துக்கு மேலாக அடித்து அடித்துப் போர்டோ மண்ணில் செம்பு தேங்கி, மண்புழுவுக்கும் இளம் கன்றுக்கும் கேடாகியது. இதனால் 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 7 வருடத்துக்கு ஹெக்டேருக்கு மொத்தமாக 28 கிலோ செம்புக்கு மேல் அடிக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. வருடத்துக்குச் சராசரி 4 கிலோ. அது செம்பின் நிறை. மயில்துத்தத்தில் ஏறத்தாழக் காற்பங்குதான் செம்பு.

இனிப் பருவங்களுக்கு வருவோம். எமது மண்ணில் முந்திரிகைக்கு உறக்கம் இல்லை. கத்தரித்தால் தளிர்க்கும், தளிரோடு பூ வரும். எப்போது காய்க்கவேண்டும் என்று நாள் பார்த்துக் கத்தரிப்பது நாம். அங்கே கார்த்திகையோடு இலை முழுவதும் கொட்டி, பங்குனிவரை கொடி கட்டையாக நிற்கும். நிலம் சூடேறும்போது, பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ மொட்டு வெடிக்கும். போர்டோ கமக்காரரின் நித்திரை குழம்பத் தொடங்குவது அன்றிலிருந்துதான்.

காரணம் உறைபனி. நுவரெலியாப் பக்கம் தை மாசியில் தேயிலைக் கொழுந்து கருகுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவேதான் இதுவும். முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விட, குளிர்ந்த காற்று தண்ணீர்போலப் பள்ளத்துக்கு வடிந்து தேங்கி நிற்கிறது. மூடிய மொட்டு கடும் குளிரைத் தாங்கும். வெடித்துப் பச்சை காட்டிய மொட்டோ, பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகை இறங்கினாலே கருகிவிடும். பொழுது விடியும்போது தளிர் வெந்த கீரைபோலத் தொங்கும். 1991 ஏப்ரல் 21 ஆம் திகதி விடியற்புறம் போர்டோவின் பெரும்பகுதியில் நடந்தது இது. கொடி சாகவில்லை; பக்க மொட்டுகள் பிறகு துளிர்த்தன. ஆனால் அவற்றில் குலை குறைவு, முற்றுவதும் பிந்தி. பிந்தி முற்றியதால் அறுவடை மழைக்குள் அகப்பட்டது. அடுத்த வருடம் ஓகஸ்டில் கடும் மழை. அதற்கடுத்த வருடம் செப்டெம்பரில் மழை. 1991, 1992, 1993 என்று மூன்று போகம் தொடர்ந்து அடிபட்டால் சிறு தோட்டக்காரன் என்ன ஆவான் என்பதை எமது வாசகருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

2017 ஏப்ரல் கடைசியிலும் அப்படியே. அந்த வருடத்து விளைச்சல் முந்திய வருடத்திலும் 40 வீதமளவு குறைந்தது. இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஜிரோந்துக் கழிமுகத்தை அடுத்துள்ள போயாக், சென் ஜூலியன் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. பெரிய நீர்ப்பரப்பு பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடுவதால், கரையோரக் காற்று இரண்டொரு பாகை கூடுதலாகவே இருக்கும். உயர்ந்த விலை போகும் தோட்டங்கள் ஆற்றைப் பார்த்தபடி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளுக்குள், பள்ளத்தில், காட்டோரத்தில் காணி வைத்திருந்தவன்தான் நட்டப்பட்டான். நல்ல காணி பணக்காரனிடம் இருப்பது அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது.

உறைபனிக்கு எதிராக அவர்கள் செய்யும் காரியங்கள் பல. மெழுகு நிரப்பிய வாளிகளை வரிசைகளுக்கிடையே நூற்றுக்கணக்கில் வைத்து நடுச்சாமத்தில் கொளுத்துவார்கள். உயரக் கம்பத்தில் பெரிய விசிறியைச் சுழற்றி, மேலே நிற்கும் சூடான காற்றைக் கீழே இறக்குவார்கள். வசதியுள்ளவர்கள் ஹெலிகொப்டரையே வாடகைக்கு எடுத்துத் தோட்டத்தின் மேல் பறக்கவிட்டதும் உண்டு. எல்லாவற்றிலும் எமக்கு வியப்பாக இருந்தது நீர் தெளிக்கும் முறை. குளிரும் இரவில் தளிரின்மேல் இடைவிடாமல் நீரைத் தூவுகிறார்கள். நீர் உறைந்து கண்ணாடிபோலத் தளிரை மூடுகிறது. நீர் உறையும்போது சூட்டை வெளிவிடும் என்பதால், உள்ளே இருக்கும் தளிர் பூச்சியப் பாகைக்குக் கீழே போகாமல் தப்புகிறது. ஆனால் சூரியன் ஏறிப் பனிக்கட்டி உருகும்வரை தெளிப்பை நிறுத்தக் கூடாது. பம்பி இடையில் நின்றால், தெளிக்காமல் விட்டதைவிட மோசம்.

சித்திரை கடந்தால் ஆனி. யூன் முற்பகுதியில் முந்திரிகை பூக்கும். பூ என்று சொன்னாலும் கண்ணுக்கு எட்டாத சின்னப் பூ. பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். அந்த நாட்களில் குளிரும் மழையும் தொடர்ந்தால் பூ பிஞ்சாகாமல் உதிரும். சில குலைகளில் பெரிய மணியும் மிளகளவு மணியும் கலந்து நிற்கும். 2013 இல் இவ்விதம் பூ கொட்டியதால், 1991 க்குப் பிறகு ஆகக் குறைந்த விளைச்சல் கிடைத்தது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1961 இலும் குளிரில் பூ கொட்டிக் குலை குறைந்தது. பிறகு ஓகஸ்டில் வரட்சியும் செப்டெம்பரில் நல்ல வெயிலும் வர, மீந்த கொஞ்சப் பழத்தில் கொடியின் பலம் எல்லாம் இறங்கியது. அந்த வருடத்து வைன் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. விலை உயர்ந்து விற்கும் தோட்டத்துக்கு இது இலாபமாகலாம். கிலோக் கணக்கில் பழம் கொடுப்பவனுக்குக் குலை குறைந்தால் வருமானம் குறைவுதான்.

பூவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அடுத்த வருடத்துக் குலையின் கரு, இந்த வருடக் கோடை தொடக்கத்திலேயே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது. இந்த யூன் மாதம் இருண்டு குளிர்ந்தால், இவ்வருடப் பூவோடு அடுத்த வருடப் பூவும் பாதிக்கப்படும்.

பூத்ததிலிருந்து 100 நாளில் அறுவடை என்பது அந்த ஊர்க் கணக்கு. ஓகஸ்ட் தொடக்கத்தில் பச்சைக் காய் நிறம் மாறும். அதிலிருந்து 45 நாள். இடையில் ஆலங்கட்டி மழை வரலாம். அது ஊரையெல்லாம் அடிப்பதில்லை, ஒரு ஒடுங்கிய பாதையில் பாய் விரித்ததுபோலப் போகும். 2013 ஓகஸ்ட் 2 ஆம் திகதி இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் பல ஆயிரம் ஹெக்டேரைச் சில நிமிடங்களில் அடித்துப் போட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் மிஞ்சவில்லை, அந்தப் பக்கம் குலை அசையவில்லை என்ற நிலை.

வெயிலைப் பற்றி அவர்களுக்கு முன்னர் பயம் இருக்கவில்லை. கிடைத்த வெயில் காணாது என்பதே பழைய முறைப்பாடு. 2003 இன் வெப்ப அலைக்குப் பிறகு அது மாறியது. கிணற்றுநீர் இறைத்துப் பயிர் செய்யும் எமக்கு ஒரு செய்தி விசித்திரமாகப் படலாம்: போர்டோவில் வளர்ந்த கொடிக்கு நீர் பாய்ச்சுவது விதிகளின்படி பொதுவாகத் தடை. வேர் கூழாங்கல்லையும் களியையும் துளைத்து ஆழத்துக்குப் போய்த் தானே நீர் தேடவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 2022 இன் கடும் வரட்சியில் சில பகுதிகளுக்கு விதிவிலக்குக் கொடுக்கவேண்டி வந்தது. அதே கோடையில் தெற்கே பைன் காடுகள் பெருந்தீயில் எரிந்தன.

அறுவடைக் காலமே எல்லாவற்றிலும் நெஞ்சிடி கூடிய காலம். செப்டெம்பரில் பழம் இனிக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டால் நன்றாக முற்றும். மேற்கே கடல் பக்கம் முகில் கட்டுகிறது. இன்று பிடுங்கினால் புளிப்பு; நாளை மழை பெய்தால் மணி நீரை உறிஞ்சி ஊதி, தோல் வெடித்து, சாம்பல்நிற அழுகல் பிடிக்கும். சூடடிக்கும் நாளில் மழை இருண்டு வர, களத்தில் நெல்லோடு நின்றவர்களுக்கு இது புரியும். முன்னர் பழத்தை வாயில் போட்டுப் பார்த்து நாள் குறித்தார்கள். பின்னர் இனிப்பை அளக்கும் கருவி வந்தது, வானிலை அறிக்கை வந்தது. ஆனாலும் முடிவெடுப்பது தோட்டத்தில் நிற்கும் ஆள்தான்.

இந்த ஆபத்தைப் பங்கிட அவர்கள் கண்ட பழைய வழி, ஓரினத்தை மட்டும் நடாமல் விடுவது. மேர்லோ என்ற இனம் முந்தித் தளிர்த்து முந்திப் பழுக்கும். கபெர்னே சோவினியோன் பிந்தித் தளிர்த்து, இரண்டு கிழமையளவு பிந்திப் பழுக்கும். சித்திரைப் பனி மேர்லோவைச் சுட்டால் கபெர்னே தப்பலாம். ஐப்பசி மழை கபெர்னேயைக் கெடுத்தால் மேர்லோ அதற்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்கும். இரண்டையும் கலந்தே வைன் வடிப்பதால், எந்த வருடத்தில் எது தப்பியதோ அதைக் கூட்டிக்கொள்ளலாம். நெல்லோடு குரக்கனும் பயறும் விதைத்து வைத்த எமது முன்னோரின் யோசனையும் இதுதானே. சூடு கூடி வருவதால் 2021 இல் ஆறு புதிய இனங்களைப் பரீட்சார்த்தமாக நட அனுமதித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று போர்த்துக்கல்லின் வெயிலில் வளர்ந்த இனம். ஒரு தோட்டத்தில் 5 வீதத்துக்கு மேல் நடக் கூடாது என்பது நிபந்தனை.

அழுகலைப் பற்றிச் சொன்னோம். அந்த அழுகலையே எதிர்பார்த்து நிற்கும் ஊரும் அங்கே இருக்கிறது. நகருக்குத் தெற்கே சோத்தேர்ன் என்ற இடத்தில் சிரோன் என்ற சிற்றாறு காட்டு நிழலால் குளிர்ந்து வந்து, சூடான கரோன் ஆற்றில் விழுகிறது. இலையுதிர் காலக் காலைகளில் அதனால் புகார் எழுந்து தோட்டத்தை மூடும். அந்த ஈரத்தில் பழத்தின் தோலில் ஒரு பங்கசு பிடிக்கிறது. மத்தியானம் வெயில் எறித்துப் புகார் கலைந்தால், பங்கசு தோலில் துளையிட்ட மணியிலிருந்து நீர் ஆவியாகி, பழம் வற்றல்போலச் சுருங்கித் தேனாக இனிக்கும். வெயில் வராமல் மழையே தொடர்ந்தால் அதே பங்கசு வெறும் அழுகலாகிவிடும். ஒரே குலையில்கூட எல்லா மணியும் ஒன்றாகச் சுருங்காது. ஆகவே பிடுங்குபவர்கள் சுருங்கிய மணிகளை மட்டும் பார்த்துப் பொறுக்கி, ஒரே வரிசைக்கு ஐந்து ஆறு தடவை திரும்பத் திரும்ப வருவார்கள். சில வருடம் கார்த்திகை வரையும் இழுபடும். அங்குள்ள ஷத்தோ திக்கெம் என்ற தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் வைன்தான் என்று சொல்வார்கள். 1992 இலும் 2012 இலும் வானம் ஒத்துழைக்கவில்லை. கிடைத்தது தமது பெயருக்குத் தகுதியில்லை என்று, அந்த இரண்டு வருடத்துக்கும் தங்கள் பெயரில் அந்தத் தோட்டத்தார் வைன் வெளியிடவே இல்லை. அப்படி ஒரு வருட வருமானத்தை விட்டுக்கொடுக்க எத்தனை பேரால் முடியும்!

இத்தனையும் ஒரு போகத்தை அழிப்பவை. கொடியையே அழித்த குளிர் 1956 இல் வந்தது. அந்த வருடம் தை மாதம் வழமைக்கு மாறாக இதமாக இருந்து, கொடியில் சாறு ஏறத் தொடங்கியிருந்தது. பெப்ரவரி பிறந்ததும் ஓரிரு நாளில் வெப்பநிலை விழுந்தது. மாதத்தின் பெரும்பகுதி உறைகுளிர். சில இடங்களில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை அளவுக்குப் போனது. அடிமரம் வெடித்தது. டோர்டோஞ் ஆற்றை அண்டிய பொமரோல், சென் எமிலியோன் பகுதிகளில் தோட்டம் தோட்டமாகக் கொடி செத்தது. பெரும்பாலானோர் கிண்டி எறிந்துவிட்டுப் புதிதாக நட்டார்கள். முந்திரிகைக் கன்று மூன்றாம் வருடம்தான் பழம் காட்டும். நல்ல வைனுக்கு இன்னும் பல வருடம் செல்லும். வீட்டில் கையிருப்பு இல்லாதவன் அதுவரை காத்திருக்க முடியாமல் வேறு பயிருக்கு மாறினான், அல்லது காணியை விற்றான்.

பொமரோலில் பெற்றுஸ் என்ற தோட்டத்தை அப்போது வைத்திருந்தவர் லூபா அம்மையார் என்ற மூதாட்டி. அவரது கொடிகளிலும் பெரும்பகுதி பட்டுப்போனது. கிண்டி எறியும்படி பலரும் சொல்ல, அவர் கேட்கவில்லை. பட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நிலத்தோடு ஒட்டி உயிர் இருந்த அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்க விட்டார். ஆழத்துக்கு ஓடிய பழைய வேர் வீணாகவில்லை. அடுத்த சில வருடங்கள் மிகக் கொஞ்சமே காய்த்தது. வருடக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்த காணிக்குத் திரும்பிப் போய், பந்தல் விழுந்த இடத்தில் காய்ந்த கொடியை நகத்தால் சுரண்டிப் பச்சை தெரிகிறதா என்று பார்த்தவர்கள் எமது வாசகரிடையேயும் இருப்பீர்கள்.

அறுவடை முடிந்து இலை கொட்டியதும் போர்டோவில் கத்தரிக்கத் தொடங்குவார்கள். மார்கழி முதல் பங்குனி வரை, குளிரில் கை விறைக்க, கொடி கொடியாகப் பார்த்துச் செய்யும் வேலை அது. மேட்டுக் காணியை முதலில் முடிப்பார்கள். பிந்திக் கத்தரித்த கொடி சில நாள் பிந்தியே தளிர்க்கும் என்பதால், குளிர்காற்று தேங்கும் பள்ளக் காணியைப் பங்குனிவரை தொடாமல் விட்டு வைப்பவர்களும் உண்டு.